வேலூர் வெயிலுக்கு எந்த பேட்டரி? புதுசுக்குக் காத்திருக்கலாமா?

குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சரக்கை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மின்ஸ்கூட்டர் வாங்கணும். கடை இன்வெர்ட்டர் பேட்டரியும் சாகப்போகுது. சோடியம் பேட்டரி வந்துடுச்சு, சாலிட் ஸ்டேட் வரப்போகுதுன்னு தினமும் செய்தி வருது. இப்ப வாங்கினா ஏமாந்துடுவேனா? நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்? வேலூர்ல நடந்ததை நெனச்சு வீட்ல பயப்படறாங்க. மாடியில சோலாரும் போடலாம்னு இருக்கேன்."

முதலில் பதில், பிறகு காரணம். ஸ்கூட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் போட்ட வண்டியாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இருக்கிற பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி இன்னும் ஒரு கோடையை ஓட்ட முடியுமானால் ஓட்டுங்கள். முடியாது என்றால் அதற்கும் எல்எஃப்பி போதும். சாலிட் ஸ்டேட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பேட்டரிக்குள் போகும் பொருட்களைச் செய்து, சூட்டுப் பெட்டியில் வைத்து, எப்போது சாகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது பேட்டரிச் செய்திகளில் வரும் எண் எப்போதும் ஒன்றுதான்: ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்-மணி, அதாவது ஒரு கிலோ பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது. எத்தனை டிகிரி சூட்டில் எத்தனை வருஷம் என்ற எண் வரவே வராது. நமக்கு வேண்டியது அதுதான். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நிழலிலேயே 42, 43 டிகிரி அடிக்கிறது. கடற்காற்று நம்மை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் காய்ந்த பாறை மலை வேறு. மதியம் ரோட்டோரத்தில் வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் 50 டிகிரி என்பது ஆச்சரியமே இல்லை. செல் விவரத்தாளில் 2000 சைக்கிள் (ஏற்றி இறக்கும் சுற்று) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் 25 டிகிரி என்று இருக்கும். நம் ஊரில் அந்த 25 டிகிரிக்கு மார்கழி வரை காத்திருக்க வேண்டும்.

சூடு என்ன செய்கிறது? லித்தியம் செல்லில் இரண்டு முனைகள், நடுவே மின்பகுளித் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் நேர்முனைப் படிகத்தை விட்டு வெளியேறி, திரவத்தைக் கடந்து, எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காரும். வண்டி ஓடும்போது திரும்பி வரும். பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும், சங்கதியே இதற்குப் பிறகுதான். சார்ஜ் ஏறிய கிராஃபைட்டைத் தொட்ட மாத்திரத்தில் அந்தத் திரவம் சிதையும். சிதைந்தது, காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி, கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். மேற்கொண்டு திரவம் சிதையாமல் காப்பதும் அந்தப் படலம்தான். அது மட்டும் படியாவிட்டால் லித்தியம் அயன் பேட்டரியே கிடையாது. ஆனால் அது முழுசாக அடைப்பதில்லை. நாளாக ஆகத் தடிக்கும், தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கும். விழுங்கியது திரும்பாது. சூடு ஏற ஏற இது வேகமெடுக்கும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு என்று ஆய்வகங்களில் ஒரு கைக்கணக்கு உண்டு. 25-லிருந்து 45-க்குப் போனால் நான்கு மடங்கு.

இந்த இழப்பு எவ்வளவு பொடியாக இருந்தாலும் ஆளைக் கவிழ்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் லித்தியத்தில் 99.9 சதவீதம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கும். 100 சுற்றில் 90 சதவீதம் மிஞ்சும், 1000 சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம்தான். அதையே 99.99 ஆக்கினால் 1000 சுற்றுக்குப் பிறகும் 90 சதவீதம் இருக்கும். அந்த ஒரு தசமத்தைப் பிடிக்கத்தான் மின்பகுளியில் ஒரு சொட்டு இதைச் சேர்ப்பது, படிகத்தின் மேல் சில நானோமீட்டர் அதைப் பூசுவது என்று உலகமெங்கும் மெனக்கெடுகிறார்கள். புதுப் பொருள் கண்டுபிடிப்பு என்று செய்தியில் வருவது இந்த வேலையின் முதல் வாரம். அப்புறம் இருக்கிறது பாடு. ஒரு மணி நேரம் ஏற்றி, ஒரு மணி நேரம் இறக்கி 1000 சுற்று ஓட்டினாலே 83 நாள் ஓடிவிடும். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

பல மாதம் சூட்டில் ஓடிய செல்லைத் திறந்து பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், தடித்த ரப்பர் கையுறையில் கைவிட்டு, பீங்கான் கத்தரியால் வெட்டிப் பிரிப்போம். (வீட்டில் யாரும் முயல வேண்டாம், மெக்கானிக் கடையிலும் வேண்டாம்.) முழு சார்ஜில் இருக்கும் நல்ல கிராஃபைட், நம்பமாட்டீர்கள், பொன் நிறத்தில் இருக்கும். சார்ஜ் குறைந்தால் சிவப்பு, இன்னும் குறைந்தால் கருநீலம், கடைசியில் கறுப்பு. நல்ல செல்லின் தகடு மூலைக்கு மூலை ஒரே பொன்னாக விரியும். நொந்துபோன செல்லில் ஓரமெல்லாம் நீலத் திட்டு. மடிப்பு விழுந்த இடத்தில் லித்தியமே எட்டாத கறுப்புப் பட்டை. அங்கங்கே சாம்பல் பூத்த மாதிரி ஒரு பொடி. உள்ளே இடம் கிடைக்காமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிட்ட லித்தியம் அது, ஆபத்தானது. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பழுப்புக் கறையோடு வரும். நேர்முனையில் மாங்கனீசு இருந்தால், அது கரைந்து இந்தப் பக்கம் வந்து படலத்துக்குள் உட்கார்ந்திருப்பதையும் கருவி காட்டிக்கொடுக்கும்.

இப்போது எல்எஃப்பி ஏன் என்பதற்கு வருகிறேன். இதில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. தென்தமிழ்நாட்டு அமரபுரத்தில் பிறந்து, மதுரையில் எம்.எஸ்சி.யும் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டமும் முடித்த ஆறுமுகம் மந்திரம், அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபோடு சேர்ந்து 1987-லும் 1989-லும் ஒரு ஆராய்ச்சி செய்தார். ஆக்சைடு நேர்முனைகளில் இரும்பைப் போட்டால் வோல்டேஜ் போதாது என்பது அன்றைய தலைவலி. அவர்கள் இரும்பைச் சுற்றி வெறும் ஆக்சிஜனை வைக்காமல், டங்ஸ்டனோடும் மாலிப்டினத்தோடும் பிணைந்த ஆக்சிஜனை வைத்தார்கள். 3 வோல்ட் வந்தது. அந்த இடத்தில் கந்தகத்தை வைத்தார்கள், அதே இரும்பு 3.6 வோல்ட்டுக்கு ஏறியது. கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கி இழுப்பதால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளர்கிறது, வோல்டேஜ் உயர்கிறது. இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டுதான் 1997-ல் டெக்சாசில் குட்இனஃபின் ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி என்ற ஆய்வாளர்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தார்கள். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்தப் பொருள் முதலில் சவலைப் பிள்ளையாகத்தான் இருந்தது. மின்சாரம் அதில் ஓடவே ஓடாது. துகளைப் பொடியாக்கி, மேலே கரிப் பூச்சு கொடுக்கலாம் என்று கனடாவில் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்து நடந்தது. 1997-ல் பிறந்தது, குடியாத்தம் கடைக்காரர் விலை கேட்கும் அளவுக்கு வர கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. புது பேட்டரிக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இரண்டு விஷயம். ஒன்று, நேர்முனையில் நிக்கல் ஆக்சைடு போட்ட இன்னொரு வகை லித்தியம் செல்லை, அதாவது நிக்கல் வகையை, 4.2 வோல்ட் வரை ஏற்ற வேண்டும்; எல்எஃப்பி 3.65-லேயே நிரம்பிவிடும். வோல்டேஜ் குறைந்தால் நேர்முனைப் பக்கம் திரவம் சிதைவதும் குறையும். இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. சார்ஜ் ஏறிய நிக்கல் ஆக்சைடு 200 டிகிரியை ஒட்டிப் போனால் தன் ஆக்சிஜனைத் தானே கக்கும். பக்கத்திலேயே எரியக்கூடிய திரவம். அதனால்தான் அந்தத் தீயைத் துணி போட்டு மூடி அணைக்க முடிவதில்லை. பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, சுலபத்தில் விடாது.

2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். உங்கள் வீட்டார் பயப்படுவதில் தப்பே இல்லை. அந்தக் கோடையில் நாட்டில் அடுத்தடுத்து நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. செல்களுக்கு நடுவே இடைவெளி, சூட்டை அறியும் சென்சார்கள், உள்ளழுத்தம் வெளியேற வழி எல்லாம் அதில் கட்டாயம். அதனால் அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

ஆனால் கடையில் ஒருவர் சொல்வார், "சார், இது எல்எஃப்பி சார், நெருப்புல போட்டாலும் ஒண்ணும் ஆவாது." ஆகும். திரவம் அதிலும் அதேதான். செல் கெட்டுச் சூடேறினால் எரியக்கூடிய வாயுவை வெளியே தள்ளும். மூடிய அறையில் அது சேர்ந்தால் வெடிக்கவும் கூடும். நிக்கல் வகையைவிடத் தாமதமாக, மெதுவாகச் சூடேறும் என்பதுதான் உண்மை. மற்றபடி அதுவும் பேட்டரிதான். கிலோவுக்கு ஏறத்தாழ 160, 170 வாட்-மணிதான் கொள்ளும். நிக்கல் வகை 250 வரை போகும். வண்டி கொஞ்சம் கனக்கும். குடியாத்தம் டவுனுக்குள் அரிசி மூட்டை கொண்டுபோக அது ஒரு குறையா?

சோடியம் பேட்டரிக்கு வருவோம். சோடியம் என்றால் உப்பு, உப்பு மலிவு, ஆகவே பேட்டரி மலிவு என்று எழுதுகிறார்கள். அவ்வளவு நேராக இல்லை. சோடியம் அயனின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், லித்தியத்தினுடையது 0.76. கிராஃபைட் அடுக்குக்குள் சோடியம் உட்காராது. அதற்கென்று ஹார்டு கார்பன் என்ற ஒழுங்கில்லாத கரியைச் செய்ய வேண்டும். சாதகங்களும் உண்டு. எதிர்முனைக்குத் தாமிரத் தகடு தேவையில்லை, அலுமினியமே போதும். ஒட்ட வடித்து சைபர் வோல்ட்டில் வைத்தாலும் கெடாது, லாரியில் பயமில்லாமல் அனுப்பலாம். சீனத்து பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் 2021-ல் அறிவித்த முதல் சோடியம் செல் கிலோவுக்கு 160 வாட்-மணி. பிறகு 175 வரை வந்திருக்கிறது. இங்கே ரிலையன்ஸ், பிரிட்டனின் ஃபாரடையன் என்ற சோடியம் பேட்டரி நிறுவனத்தை வாங்கியது. ஆக, இது பொய்ச் செய்தி இல்லை.

என் சந்தேகம் சூட்டில்தான். நான் சொன்ன அந்தக் காப்புப் படலம், சோடியம் செல்லில் திரவத்தில் கொஞ்சம் கரையும் தன்மை கொண்டது. கரைந்தால் மறுபடி படியும், மறுபடி சோடியத்தைத் தின்னும். குளிரில் சோடியம் நன்றாக ஓடுகிறது என்று மைனஸ் 20 டிகிரி கணக்கைக் காட்டுகிறார்கள். வேலூரில் அதை வைத்து என்ன செய்வது? 45 டிகிரியில் மூன்று கோடை நின்ற கணக்கைக் காட்டட்டும். உங்களுக்கு நேரடியாக உதைக்கும் இன்னொரு விஷயம்: எல்எஃப்பி பெரும்பாலான நேரம் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். சோடியம் செல் 4 வோல்ட்டை ஒட்டி ஆரம்பித்து 1.5, 2 வரை சரிந்துகொண்டே வரும். உங்கள் பழைய இன்வெர்ட்டர் பாதி வழியிலேயே பேட்டரி லோ என்று கத்தி நிறுத்திவிடும். சோடியம் வாங்குகிற அன்றைக்கு அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வாங்க வேண்டும். என் கணிப்பு, இது நம் பக்கம் முதலில் ஸ்கூட்டரில் வராது. எடை பற்றிக் கவலைப்படாத இன்வெர்ட்டர், டவர், சோலார் சேமிப்பில்தான் வரும்.

ஹார்டு கார்பனில் நம் ஜில்லாவுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். தேங்காய் ஓடு, வேர்க்கடலைத் தோல் போன்றவற்றை ஆக்சிஜன் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் கிடைப்பதுதான் அது. பழைய வட ஆற்காடு வேர்க்கடலைச் சீமை. தோலில் இருக்கும் பொட்டாசியத்தையும் மணலையும் அமிலத்தில் கழுவி நீக்குவதில்தான் செலவு; சுட்டபின் மிஞ்சுவதும் கொஞ்சம்தான். ஆரணி அரிசி ஆலை உமியிலும் இதே கதை. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து சிலிக்கான் எடுத்தால், கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் இடத்தில் அது 3500-க்கு மேல் கொள்ளும். ஆனால் லித்தியம் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்கு கூடுதலாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். சுருங்கி விரிந்து நொறுங்கி, நொறுங்கிய புது முகப்பிலெல்லாம் மறுபடி படலம், மறுபடி இழப்பு. அதனால் இப்போதைக்குக் கிராஃபைட்டோடு சிட்டிகை அளவு கலந்துதான் போடுகிறார்கள். ஆரணி உமியில் பேட்டரி என்று யாராவது தலைப்புப் போட்டால், எத்தனை சதவீதம் என்று மட்டும் கேளுங்கள்.

சாலிட் ஸ்டேட்: திரவத்துக்குப் பதில் திட மின்பகுளி. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு திடப்பொருள் எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முனைகளோ உப்பிச் சுருங்குகின்றன; அழுத்திப் பிடிக்க ஏற்பாடு வேண்டும். கந்தக வகைத் திடப்பொருள் ஈரக் காற்றுப் பட்டால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவை விடும். வரும், முதலில் விலையுயர்ந்த காருக்கு வரும். செயற்கை நுண்ணறிவு லட்சக்கணக்கான புதுப் படிகங்களைக் கண்டுபிடித்தது என்றும் 2023 கடைசியில் ஒரு பரபரப்பு. கணினி சொல்வது இது நிலையாக இருக்கலாம் என்பதை. செய்து, சுட்டு, செல்லில் போட்டு, வெயிலில் வைத்துப் பார்க்க அதே ஆட்கள்தான், அதே 83 நாட்கள்தான்.

மாடி சோலாருக்கும் சூட்டுக் கணக்கு உண்டு. மே மாத மதியம் தகட்டின் சூடு 65 டிகிரி வரை போகும். பேனல் தாளில் வெப்பநிலைக் குணகம் என்று ஒன்று இருக்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு மின்சாரம் குறையும் என்பது அது. டிகிரிக்கு 0.4 சதவீதம் என்றால் அந்த நேரத்தில் 16 சதவீதம் நஷ்டம், 0.3 என்றால் 12. இன்று கிடைக்கும் டாப்கான் என்ற வகை பேனல்கள் 0.3-ஐ ஒட்டி இருக்கின்றன, வாங்கலாம். மாடித் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் கீழே காற்றோட விடச் சொல்லுங்கள். பெரோவ்ஸ்கைட் என்ற புதுப் பொருளைச் சிலிக்கானோடு சேர்த்த செல், வெயிலை மின்சாரமாக்குவதில் ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. நம் மாடிக்கு 25 வருஷ வாரண்டியோடு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: செத்த பேட்டரி எங்கே போகும் என்பது. தோல் பதனிடும் சீமையில் இருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை மூடிய பிறகும் அதன் குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன் மலையாகக் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதை உங்களுக்கே தெரியும். மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் வந்ததுதான். எல்எஃப்பி-யில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை, விஷம் குறைவு. ஆனால் அதே காரணத்தால் பிரித்தெடுத்து விற்கவும் அதிகம் கிடைக்காது, காயலான் கடைக்காரர் வாங்க யோசிப்பார். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிப்படி திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பாளர் பொறுப்பு. வாங்கும்போதே செத்த பேட்டரியை எந்த ஊரில் கொடுப்பது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கடையில் வேறென்ன கேட்பது? செல் என்ன வகை என்று கேளுங்கள். "லித்தியம்" என்பது பதில் ஆகாது. 45 டிகிரியில் எத்தனை சைக்கிள் என்று கேளுங்கள். பெரும்பாலும் விழிப்பார்கள், தலைமையிடத்துக்கு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வாரண்டி எத்தனை வருஷம் என்பதைவிட, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது முக்கியம். 70 என்றோ 80 என்றோ காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டி வந்ததும் சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், நிழலில் ஆற விடுங்கள். முழு சார்ஜ் ஏற்றி நாள் கணக்கில் வெயிலில் நிறுத்த வேண்டாம். எல்எஃப்பி-க்கு அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்றினால்தான் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அளவு பிடிபடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது கையேட்டில் இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது, படிக்கட்டுக்கு அடியிலோ வாசலை அடைத்தோ வண்டியை வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். கடை ஷட்டருக்கு வெளியே, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், எர்த்தோடு, எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஒயர் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.